நிலைத்தெப்பம்

வங்கிக் கிளார்க்குக்கு ஆபீஸ் நேரத்தில் வாய்க்கிற வாசிப்பு பத்திரங்கள்தான். வீட்டுக் கடன் பிரிவில் உட்கார்ந்த நான்கு வருஷங்களில் நான் புரட்டிய கிரையப் பத்திரங்களின் பக்கங்களைக் கூட்டினால், அதே காலத்தில் படித்த நாவல்களின் பக்கங்களைத் தாண்டிவிடும். அந்த நடையில் ரசிக்க அதிகமில்லை. இன்னார் குமாரர் இன்னாருக்கு எழுதிக்கொடுத்த சுத்தக் கிரையம், சர்வ சுதந்திர பாத்தியம், ஆண்டனுபவித்துக்கொள்வது என்று ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்கள். ஆனால் கடைசியில் சொத்து விவரம் என்று ஒரு பகுதி வரும். அதில் நான்கு மால். கிழக்கே இன்னார் புஞ்சை, தெற்கே வண்டிப்பாதை, மேற்கே இடிந்த கிணறு, வடக்கே கண்மாய்க் கரை. நிலத்தில் நின்றுகொண்டு ஒருவர் சொல்லச் சொல்ல எழுதியது போல அந்தப் பகுதி மட்டும் இருக்கும். கோப்பு கைக்கு வந்ததும் நான் முதலில் அந்தப் பக்கத்துக்குத்தான் போவேன்.

2018ல் ஒரு கோப்பு வந்தது. மதுரையின் வடகிழக்கு ஓரத்தில் மூன்று சென்ட் மனை. கடன் கேட்டவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மனையின் வடக்கு மாலை வரிசையாகப் பார்த்தேன். 1967ஆம் வருஷத்து மூலப் பத்திரத்தில் ‘மறுகால் ஓடை’ என்று இருந்தது. 1991ல் அதே மால் ‘வாய்க்கால்’ ஆகியிருந்தது. 2006ல் வயலை மனைகளாகப் பிரித்து விற்றபோது ‘இருபது அடிப் பாதை’. பேனல் வக்கீல் முப்பது வருஷத்து வில்லங்கம் பார்த்துக் கருத்து எழுதியிருந்தார். 1967 அவர் பார்க்க வேண்டிய எல்லைக்கு வெளியே இருந்தது. உரிமையில் குறை ஒன்றுமில்லை. மதிப்பீட்டாளரும் பாதையை அளந்து பாதை என்றே போட்டிருந்தார். எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்திருந்தார்கள்.

நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும். என்னிடம் ஒரு குறிப்பு நோட்டு உண்டு. அதில் அந்த மூன்று சொற்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டேன். மறுகால் ஓடை, வாய்க்கால், இருபது அடிப் பாதை. கவிதைக்கு ஆகும் என்று பட்டது. பிறகு கோப்பை அடுத்த மேஜைக்கு நகர்த்தினேன்.

2024 அக்டோபர் கடைசியில் மதுரையில் மழை கொட்டியது ஞாபகமிருக்கும். செல்லூர்க் கண்மாய் நிரம்பிப் பந்தல்குடி வாய்க்கால் தெருக்களுக்குள் ஏறியது. நகரின் வடபகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. வாத்தியார் வீட்டிலும் புகுந்தது. ஒரு வாரம் கழித்து வங்கிக்கு வந்தார். தவணை ஒன்றிரண்டைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்கத்தான் வந்தார். அதற்கான தாளை எழுதி முடித்த பிறகு, எழுந்திருக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

“சார், பத்திரமெல்லாம் நீங்கதான வாங்கிப் பாத்தீங்க. அந்த ரோடு ஓடையா இருந்துச்சுன்னு இப்பச் சொல்றாங்க. அதுல எழுதியிருக்கலையா?”

எழுதியிருந்தது என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

*

அதே வருஷம் ஆடி மாதத்தில் நடந்த இன்னொரு சம்பவத்தையும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் கிளையின் விலாசத்தில் ஒரு குளம் இருக்கிறது. மதுரைக்காரர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. தல்லாகுளம், சொக்கிகுளம், பீபீகுளம், கோசாகுளம் என்று வைகைக்கு வடக்கே பாதி ஊருக்கு அப்படித்தான் பெயர். டெபாசிட் புதுப்பிக்க வந்த ஒரு அம்மாளுடன் வெளிநாட்டுப் பெண் ஒருவர் வந்திருந்தார். மதுரையில் தங்கித் தமிழ் படிப்பவர், அம்மாள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவர். மேஜையிலிருந்த ரப்பர் ஸ்டாம்ப் விலாசத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார். “சார், இந்தக் குளம் எங்கே இருக்கிறது?”

ஆறு வருஷமாக அந்த விலாசத்தில் வேலை பார்க்கிறேன். அந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. அம்மாள்தான் பதில் சொன்னார். “நீ நிக்கிற எடந்தாம்மா கொளம்.”

அந்தப் பெண்ணின் ஆராய்ச்சி நகரங்களின் நீடித்த வாழ்வு பற்றியது. கண்மாய்க்கும் குளத்துக்கும் ஊருணிக்கும் ஏந்தலுக்கும் என்ன வித்தியாசம், கலுங்கு என்பது கட்டடத்தின் பெயரா செயலின் பெயரா, மறுகால் என்பதில் கால் என்றால் என்ன என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார். ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. படித்தவன் நான். தேம்ஸ் நதியின் மேல் படியும் புகை பற்றிப் பரீட்சையில் மூன்று பக்கம் எழுதியவன். கூடலழகர் கோயிலுக்கு மாலையாக ஓடியதால் பெயர் வந்தது என்று சொல்லப்படும் கிருதுமால் நதி, மதுரைக்குள் சாக்கடையாகப் போகிறது என்பது அதன் மேல் கட்டிய பாலத்தைப் பத்து வருஷம் கடந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவருடைய பட்டியலில் பாதிக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வாத்தியாரின் கேள்வியும் இந்தப் பெண்ணின் கேள்வியும் ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு பேரும் ஒரு சொல் எந்த இடத்தைச் சுட்டுகிறது என்று கேட்டார்கள். எனக்குக் கற்பிக்கப்பட்ட விமர்சனமோ சொல்லை இடத்திலிருந்து பிரித்து எடுத்து, தாளின் மேல் வைத்து, அதன் தொனியையும் முரணையும் பார்க்கச் சொல்லியது. கவிதையை அதற்கு வெளியே எதையும் கொண்டு விளக்காதே என்று அமெரிக்கப் பேராசிரியர்கள் ஒரு காலத்தில் சொன்னதை நம் சிறுபத்திரிகைகள் சுவீகரித்துக்கொண்டன. அதனால் நன்மையும் உண்டு. ஆனால் மூலப் பத்திரத்தை நான் அப்படித்தான் படித்தேன். ‘மறுகால் ஓடை’ எனக்கு ஒரு நல்ல சொற்சேர்க்கை. அது ஒரு எச்சரிக்கை என்று படிக்க எனக்குப் பயிற்சி இல்லை.

*

அந்தப் பெண் சார்ந்திருக்கும் துறைக்கு ஏரியா ஸ்டடீஸ் என்று பெயர். பிரதேச ஆய்வு எனலாம். ஒரு நிலப்பகுதியின் பாஷையைக் கற்று, அங்கே வருஷக் கணக்கில் இருந்து, சரித்திரம், மதம், சாதி, விவசாயம் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது. அதன் பிறப்பு அவ்வளவு சுத்தமானதல்ல. உலகப் போரிலும் பிறகு பனிப்போரிலும் அமெரிக்காவுக்குத் தன் கை நீளக்கூடிய இடங்களின் பாஷை தெரிந்த ஆட்கள் வேண்டியிருந்தார்கள். ஸ்புட்னிக் பறந்த மறுவருஷம், 1958ல் வந்த சட்டத்துக்குப் பெயரே தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம். பல்கலைக்கழகங்களில் பாஷை மையங்களுக்கு அதிலிருந்து பணம் போயிற்று. பி.எல். 480 திட்டத்தில் நாம் வாங்கித் தின்ற கோதுமைக்கு ரூபாயில் கொடுத்த விலையின் ஒரு பகுதியைக் கொண்டு, 1962 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் டில்லி அலுவலகம் இந்தியப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் வாங்கி அங்குள்ள நூலகங்களுக்கு அனுப்பியது. தமிழ்ப் புத்தகங்களும் போயின. நம் ரேஷன் கடைக் கோதுமைக்கும் சிகாகோ நூலகத்துத் தமிழ் அலமாரிக்கும் இப்படி ஒரு சம்பந்தம். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களை 1994ல் வாங்கியதும் சிகாகோ பல்கலைக்கழகம்தான். நல்லவேளையாக அவற்றைச் சென்னையிலேயே வைத்தார்கள்.

ஆகவே சந்தேகம் நியாயம். ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு படிக்காமல் இருந்துவிடுவதும் நமக்குச் சௌகரியமாகத்தான் இருக்கிறது. நகரங்களின் நீடித்த வாழ்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்று வேறு துறைகளிலிருந்து வருகிறார்கள். பொறியாளர்கள், பூகோளக்காரர்கள், பொருளாதாரக்காரர்கள். 2015ல் ஐக்கிய நாடுகள் சபை வகுத்த பதினேழு இலக்குகளில் பதினொன்றாவது நகரங்களுக்கானது. அதையொட்டி எல்லா ஊருக்கும் பொருந்தும் அளவுகோல்கள் வந்தன. தலைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை சதுர மீட்டர் பசுமை, எத்தனை எக்டேர் நீர்நிலை. அளவுகோல் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. வங்கியில் உட்கார்ந்துகொண்டு எண்களைப் பழிப்பவன் சாப்பிட்ட இலையிலேயே கைகழுவுகிறவன். ஆனால் ‘நீர்நிலை’ என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். கண்மாய், குளம், ஊருணி, ஏந்தல், தெப்பக்குளம் ஐந்தையும் ஒரே கட்டத்துக்குள் போடுவதற்கென்றே செய்த சொல் அது.

கண்மாய் என்பது தண்ணீர் நிற்கிற பரப்பு மட்டுமல்ல. வரத்துக்கால், உள்வாய், கரை, மடை, கலுங்கு, மறுகால், ஆயக்கட்டு எல்லாம் சேர்ந்தது. மேற்கிலிருந்து கிழக்காகச் சரியும் இந்தச் சமவெளியில் ஒரு கண்மாயின் மறுகால்தான் அடுத்ததன் வரத்து. சங்கிலி மாதிரி. ஒரு கண்ணியை மூடினால் அதன் தண்ணீர் இல்லாமல் போய்விடாது. அடுத்த கண்ணிக்குப் போகிற வழியில் எது இருக்கிறதோ அதற்குள் புகும். பரப்பை எக்டேரில் அளக்கிற கட்டத்தில் இந்தச் சங்கிலிக்கு இடமில்லை. 1967ஆம் வருஷத்துப் பத்திர எழுத்தருடைய இரண்டு சொற்களில் அது முழுசாக இருந்தது.

*

மதுரைக்கு இது இன்றைய பிரச்னை என்று நினைக்கிறோம். பாண்டியர் கல்வெட்டுகளில் இந்த ஊரின் பெயர் ‘மாடக்குளக்கீழ் மதுரை’. மாடக்குளம் ஊருக்கு மேற்கே, பசுமலைப் பக்கம், இன்றும் இருக்கிற கண்மாய். கீழ் என்றால் அந்தக் கண்மாயின் பாய்ச்சலுக்கு உட்பட்டது. தலைநகரம் தன்னைக் குறித்துக்கொண்ட விதம் இது. கோயிலையோ கோட்டையையோ சொல்லவில்லை. எந்தத் தண்ணீருக்குக் கீழே இருக்கிறோம் என்று சொல்லியது. சென்னைக்காரர்கள் செம்பரம்பாக்கத்துக்குக் கீழே இருப்பதை 2015 டிசம்பரில் தெரிந்துகொண்டார்கள்.

இது எங்கிருந்து தெரிகிறது? கல்வெட்டைப் படிக்கிறவர்களிடமிருந்து. ஒய். சுப்பராயலு 1973ல் வெளியிட்ட சோழ நாட்டு அரசியல் பூகோளம் பற்றிய நூலில், கல்வெட்டுகளில் வரும் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக வரைபடத்தில் வைத்தார். அப்படி வைத்தபோது ‘நாடு’ என்பது அரசன் மேலிருந்து இழுத்த கோடாகத் தோன்றவில்லை. விவசாயத்தை ஒட்டிக் கூடிய ஊர்களின் திரளாகத் தெரிந்தது. நொபொரு கராஷிமா ஜப்பானிலிருந்து வந்து தமிழ்க் கல்வெட்டுகளில் தன் ஆயுளைச் செலவிட்டவர். சுப்பராயலுவும் அவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். இவர்கள் யாரும் நகரத்தின் நீடித்த வாழ்வைப் பற்றி எழுதவில்லை. ஆனால் பெங்களூரில் ஹரிணி நாகேந்திரா, அந்த நகரத்தின் இயற்கை பற்றி 2016ல் எழுதிய புத்தகத்தில், ஏரி வெட்டியதைச் சொல்லும் பழைய கல்வெட்டுகளிலிருந்து தொடங்கி இன்றைய ஏரிகளுக்கு வருகிறார். சூழலியல்காரர் ஒருவர் கல்வெட்டைக் கையில் எடுத்தால் என்ன தெரியும் என்பதற்கு அது நல்ல உதாரணம். மதுரைக்கு அப்படி ஒரு புத்தகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

திருவிழாவையும் அப்படிப் படிக்க முடியும். டென்னிஸ் ஹட்சன் என்ற அமெரிக்க அறிஞர் மதுரையின் இரண்டு சித்திரைத் திருவிழாக்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1982ல் ஒரு தொகுதியில் வந்தது. மீனாட்சி கல்யாண ஊர்வலம் நகரத்துக்குள் மாசி வீதிகளில் நடக்கிறது. அழகர் மலையிலிருந்து இறங்கி, புதூர், தல்லாகுளம் வழியாக ஆற்றில் இறங்கி, வண்டியூருக்குப் போய், தேனூர் மண்டபத்தில் தவளையாகச் சபிக்கப்பட்ட முனிவருக்கு மோட்சம் கொடுக்கிறார். தேனூர் ஆற்றில் இன்னும் மேலே, சோழவந்தான் பக்கத்தில் இருக்கிற கிராமம். அங்கே நடந்ததைத் திருமலை நாயக்கர் மதுரைக்குக் கொண்டுவந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. மண்டகப்படி மண்டகப்படியாக அழகர் நிற்கிற இடங்களைக் கோடிட்டு இணைத்தால் மலை, சமவெளி, ஆறு, கிராமம், நகரம் ஐந்தும் ஒரே வரைபடத்தில் வந்துவிடும். மாநகராட்சியின் எந்த வரைபடத்திலும் அவை சேர்ந்து இல்லை. அழகர் இறங்குவதற்காக இப்போது வைகை அணையிலிருந்து கணக்காகத் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். அணை 1959ல் வந்தது. ஆற்றில் தண்ணீர் வருவதற்கு இன்று ஆற்றைவிடத் திருவிழாவுக்கு அதிகச் செல்வாக்கு இருக்கிறது என்பதை அளவுகோல்காரர்கள் எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

2016 செப்டம்பரில் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் மதுரை சேர்ந்தது. கோயிலைச் சுற்றிய பழைய நகரம், பெரியார் பஸ் நிலையம், வைகைக் கரை என்று வேலைகள் நடந்தன. திட்டத்தின் பெரும்பகுதி பழைய நகரத்தின் சதுரத்துக்குள் நின்றது. ஆனால் இந்த நகரத்தின் தண்ணீர் எந்தக் காலத்திலும் சதுரத்துக்குள் பிறந்ததில்லை. மாடக்குளத்தில், வைகையில், 1895க்குப் பிறகு மலைக்கு அந்தப்பக்கம் மேற்கே போய்க்கொண்டிருந்த பெரியாற்றில் அது இருந்தது. ஊரின் ஜனத்தொகை 1901ல் ஒரு லட்சத்து ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. 2011ல் பத்து லட்சத்துப் பதினேழாயிரத்துச் சொச்சம். இந்த ஜனங்கள் போய்க் குடியேறிய இடம் ஆயக்கட்டும் உள்வாயும். தனி மனிதர்கள் மட்டும் போகவில்லை. மாநகராட்சியின் அண்ணா மாளிகை தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில் எழுந்தது. உயர் நீதிமன்றக் கிளை 2004 ஜூலையில் உலகநேரிக் கண்மாய்ப் பரப்பில் திறக்கப்பட்டது. ஏரி, கண்மாய் ஆக்கிரமிப்புகளை அகற்றும் சட்டம் 2007ல் வந்தது. அந்த வழக்குகளை அந்தக் கட்டடத்தில்தான் விசாரிக்கிறார்கள்.

*

இதுவரை படித்தவர்களுக்கு நான் எங்கே போகிறேன் என்று தோன்றியிருக்கும். முன்னோர் அறிந்திருந்தார்கள், நாம் தொலைத்துவிட்டோம் என்ற இடத்துக்கு. நம் வட்டத்தில் இந்தப் பாட்டுக்கு எப்போதும் கேட்பவர் உண்டு. எனக்கும் அதில் ஒரு சபலம் இருந்தது. அதைக் கெடுத்தது இன்னொரு பிரதேச ஆய்வுதான்.

டேவிட் மோஸ் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் 1980களின் தொடக்கத்தில் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் ஒரு கிராமத்தில் தங்கி, கண்மாய்களையும் அவற்றைச் சுற்றியிருந்த மனிதர்களையும் பார்த்தவர். தண்ணீரின் ஆட்சி என்று பொருள்படும் அவரது புத்தகம் 2003ல் வந்தது. கிராமத்தார் ஒற்றுமையாகக் கூடித் தங்கள் கண்மாயைத் தாங்களே பேணினார்கள், வெள்ளைக்காரன் வந்து அதைக் கெடுத்தான் என்ற கதையை அவர் பதிவேடுகளை வைத்துச் சோதிக்கிறார். கண்மாயைக் கட்டிக்காத்ததில் ஒற்றுமையைவிட அதிகாரத்துக்குப் பங்கு அதிகம் என்று தெரிகிறது. சேதுபதிகளும் பாளையக்காரர்களும் கோயில் மரியாதையையும் மானியத்தையும் கொடுத்து விசுவாசத்தை வாங்கினார்கள். கண்மாய் அந்தக் கொடுக்கல் வாங்கலின் ஒரு பகுதி. அந்த அதிகாரம் காலனி ஆட்சியில் வேறு உருவம் எடுத்தபோது கண்மாயும் கைவிடப்பட்டது. கண்மாய்கள் சீரழிந்துவிட்டன என்ற புலம்பலே புதிதல்ல, பத்தொன்பதாம் நூற்றாண்டு அதிகாரிகளின் தாள்களிலேயே அது இருக்கிறது. குடிமராமத்து என்று நாம் கண்ணீரோடு நினைக்கிற வழக்கத்துக்குச் சட்ட உருவம் தந்தது 1858ஆம் வருஷத்து மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம். பெயரிலேயே கட்டாயம் இருக்கிறது. 2017ல் தமிழக அரசு அதே குடிமராமத்துப் பெயரில் தூர்வாரும் திட்டம் கொண்டுவந்தபோது பத்திரிகைகள் பாரம்பரியம் திரும்பிவிட்டதாக எழுதின.

மோஸ் இன்னொன்றும் காட்டுகிறார். மடையைத் திறந்து வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சியவர் நீர்பாய்ச்சி. பெரும்பாலும் பள்ளர், பறையர். ஊரின் பங்கீட்டு நியாயம் முழுவதும் அவர் கையில் இருந்தது. அந்தத் தண்ணீர் பாய்ந்த நிலத்தில் அவருக்குப் பங்கு இருந்ததில்லை, இருந்தாலும் கடைமடையில் இருந்தது. ஆக, நாம் இழந்துவிட்டதாகச் சொல்கிற அந்த நீடித்த வாழ்வு ஒரு சிலரை எப்போதும் மடையடியில் நிறுத்தி வைத்துத்தான் நீடித்தது. வாத்தியார் வயலை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பத்தில் இரண்டாம் தலைமுறை. மூன்று சென்ட் நிலம் சொந்தப் பெயரில் எழுதியிருப்பது அந்தக் குடும்பத்தில் அவருக்குத்தான் முதல் தடவை. ஓடையில் வீடு கட்டியவர்கள் பேராசைக்காரர்கள் என்று எழுதுகிற நண்பர்கள் இதை யோசிக்க வேண்டும். நகரத்தில் மேடான இடங்கள் யார் கையில் இருந்தன என்பதும் நான்கு மாலில் எழுதியிருக்கிறது.

அளவுகோலை மட்டும் வைத்திருப்பவனுக்கு இந்தப் பழைய கணக்கு தெரியாது. பாரம்பரியத்தை மட்டும் வைத்திருப்பவனுக்குத் தெரிந்தாலும் சொல்ல மாட்டான். ஒரு கிராமத்தில் இரண்டு வருஷம் உட்கார்ந்து, அங்கே பேசுகிற தமிழில் கேட்டு, ஜமீன் தாள்களையும் படித்த ஒருவனால்தான் இரண்டு பேருக்கும் பிடிக்காத இதைச் சொல்ல முடிந்தது. பிரதேச ஆய்வினால் நகர ஆராய்ச்சிக்கு என்ன லாபம் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். அது கேள்வியையே மாற்றுகிறது. எத்தனை எக்டேர் என்று கேட்கிற இடத்தில், யார் பொறுப்பில், யார் செலவில், யாருக்கு மரியாதை என்று கேட்கிறது.

இந்தத் துறையின் குறைகளும் சின்னவை அல்ல. மதுரையைப் பற்றி எழுதியவர்கள் கோயிலைப் பற்றி எழுதினார்கள். லூயி துய்மோன் 1949ல் வந்து மதுரைக்கு மேற்கே கள்ளர் நாட்டில் தங்கி எழுதிய புத்தகம் பெரிய காரியம். ஆனால் கிராமத்துக்கும் கோயிலுக்கும் நடுவே கண்மாய் உள்வாயில் முளைத்த ‘நகர்’களைப் பற்றி எழுத அதிகம் பேர் வரவில்லை. கண்மாய்ச் சொற்களைக் கற்கிறவர் நிலத்தடி நீர்மட்டத்தை அளக்கத் தெரியாதவராக இருக்கிறார். அளப்பவருக்கு மறுகால் தெரியவில்லை. பாட்ரிக் கெட்டிஸ் 1914, 1915ல் சென்னை மாகாணத்து ஊர்களைத் தெருத் தெருவாக நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். முதலில் ஊரைப் படி, பிறகு திட்டம் போடு என்பது அவர் கட்சி. மலேரியாவுக்குப் பயந்து குளங்களைத் தூர்ப்பதை எதிர்த்தார். அவருக்குப் பிறகு நடப்பவரும் அளப்பவரும் தனித்தனி டிபார்ட்மெண்டுகளில் உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, எழுதப்பட்டது ஆங்கிலத்தில் இருக்கிறது. மோஸின் புத்தகத்தை நான் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கித்தான் படித்தேன். யாருடைய கண்மாயைப் பற்றியதோ அவர்கள் கைக்கு அது வந்து சேர வழியில்லை.

அந்நியர் வந்து சொல்லவேண்டும் என்பதல்ல என் கட்சி. பிரதேசம் என்பதன் எல்லையை இதுவரை யுத்த மந்திரிகளும் பல்கலைக்கழக டீன்களும் போட்டார்கள். தெற்காசியா என்று ஒரு துண்டு. மாடக்குளக்கீழ் என்று சொன்ன கல்வெட்டுக்காரன் வேறு எல்லை போட்டிருக்கிறான். ஒரே தண்ணீருக்குக் கீழே இருப்பவர்கள் ஒரு பிரதேசம். அந்த அளவுக்குச் சின்னதாக எடுத்துக்கொண்டால் அந்த ஆய்வுக்கு விசா தேவையில்லை. பத்திர ஆபீஸ் நகல்களும், அ பதிவேடும், ஆடு மேய்க்கிற கிழவியின் ஞாபகமும் போதும், கூடவே அளவெடுக்கத் தெரிந்த ஒரு பொறியாளரும். நாம் அதைச் செய்யவில்லை. வட்டார வழக்கு என்று சொல்லிக் கதைகளில் இந்தச் சொற்களைத் தூவினோம். வாசகர்களும் மண்வாசனை என்று பாராட்டினார்கள்.

*

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அவர் கூப்பிடவில்லை. முன்னறைச் சுவரில் முழங்கால் உயரத்தில் சேற்றுக் கோடு இன்னும் இருந்தது. மூலப் பத்திரத்தின் நகலை எடுத்து வந்திருந்தேன். இரண்டு பேரும் அந்த இருபது அடிப் பாதையில் வடமேற்காக நடந்தோம். அரைக் கிலோமீட்டரில் தார் முடிந்து கருவேலங்காடு வந்தது. அதற்குள் கல் பாவிய கலுங்கு, பாதி மண்ணில். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் வாத்தியார் கேட்டார்.

“ஏன் ஆத்தா, இதுல தண்ணி போகுமா?”

“மறுகா போச்சுன்னா கெடா வெட்டுவோம்யா. ஊரே வந்து நிக்கும். இப்ப ஆரு வாரா?”

கண்மாய் நிரம்பி வழிவது ஊருக்கே சந்தோஷமாக இருந்த காலம் அவர் ஞாபகத்தில் இருந்தது. அதே மறுகால்தான் வாத்தியார் வீட்டுச் சுவரில் கோடு போட்டது. வாத்தியார் கலுங்கின் அகலத்தைக் காலடியால் அளந்தார். பிறகு பாதையின் இருபது அடியையும், அதன் ஓரத்துச் சாக்கடையின் இரண்டடியையும் மனசுக்குள் கழித்துப் பார்த்தார் போலிருக்கிறது. கணக்கு வாத்தியார் அல்லவா. “பத்தாதே சார்” என்றார்.

இப்போது கோப்பில் பழைய மாலும் புதிய மாலும் வேறுபட்டால் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் குத்தி வைக்கிறேன். அது என் வேலையில் சேர்ந்ததல்ல. இரண்டு தடவை மேலே போன இடத்தில் தாளைக் கழற்றிவிட்டார்கள். ஒரு தடவை கடன் கேட்டவரே அதைப் படித்துவிட்டு இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன். அவர் வேறு மனை பார்த்தாரா, வேறு வங்கி பார்த்தாரா, தெரியாது.

அந்தப் பெண் ஊருக்குத் திரும்புவதற்கு முன் ஒரு தடவை வந்தார். பட்டியலில் கடைசியாக ஒரு சொல் மீதி இருந்தது. நிலைத்தெப்பம். இதற்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடிந்தது. திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தைப்பூசத்துக்குத் தெப்பம் மிதக்க வேண்டும். வைகையிலிருந்து வருகிற கால் அடைபட்டுக் குளம் வறண்ட வருஷங்களில் தெப்பத்தைக் கட்டி அப்படியே நிற்க வைத்துவிடுவார்கள். சாமி வந்து போகும். திருவிழா நிற்காது. என் சின்ன வயசில் குளத்துக்குள் கிரிக்கெட் ஆடியிருக்கிறோம். பனையூர்க் கால்வாயைச் சரிசெய்த பிறகு சில வருஷங்களாகத் தண்ணீர் வருகிறது, தெப்பம் மிதக்கிறது.

“அப்படியானால் நிலை என்பது நல்ல சொல்லா, கெட்ட சொல்லா?” என்று கேட்டார். அவருடைய ஆராய்ச்சித் தலைப்பில் ‘நிலைத்த’ என்று ஒரு சொல் இருந்தது. அதைத் தமிழில் போட்டுக்கொடுத்தது நான்தான்.